உப்பு ஒப்பாரி

கல்மே ஊரில் கும்சிலைப் போல அழ ஆள் கிடையாது. இழவு வீட்டில் அவள் வாயைத் திறக்க மாட்டாள். அவள் அழுகைக்கு வேளை அறுவடை முடிந்த பிறகுதான் வரும். நெல்லை அறுத்து, உலர்த்தி, மூட்டை கட்டியதும் சியோலிலிருந்து நிலக்காரரின் தொலைபேசி வரும். கும்சில் தொண்டையைச் செருமிக்கொள்வாள். வாகாக உட்கார்ந்துகொண்டு ஆரம்பித்தாளென்றால், சொந்தப் புருஷன் தேபோங்கே ஒரு கணம் நம்பிவிடுவார்.

"என்னத்தைச் சொல்ல பெரியவரே, இந்த வருசமும் உப்பு ஏறிடுச்சு. கதிரு பால் பிடிக்கிற நேரம் பார்த்து ஏறிடுச்சு. பாதி பதரு. எந்த மொகத்த வெச்சுக்கிட்டு உங்களுக்கு அரிசி அனுப்புறதுன்னு இவரு ரெண்டு நாளா சோறே தொடல."

சோறு தொடாத மனிதர் பக்கத்திலேயே உட்கார்ந்து, பன்றிக் கறியைக் காரத்தில் ஊறிய கிம்ச்சிக் கோஸ் இலையில் சுருட்டிச் சத்தம் வராமல் மென்றுகொண்டிருப்பார். அந்த முனையில் பெரியவர் பியோ "அப்படியா, அப்படியா" என்பார். கடைசியில் பெருமூச்சு விட்டு, "சரி, குத்தகையில கொஞ்சம் குறைச்சுக்கோ" என்பார். கும்சில் தொலைபேசியை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைப்பாள். கண்ணீர் நிஜமாகவே வந்திருக்கும். அதுதான் அவள் திறமை.

சும்மா சொல்லக்கூடாது, ஒரு காலத்தில் அந்த உப்பு உண்மையாகத்தான் இருந்தது. கடலுக்குக் குறுக்கே சுவர் எழுப்பி, தண்ணீரை வெளியே தள்ளி அரசாங்கம் உண்டாக்கிய நிலம் அது. வாங்கியவர்கள் சியோலிலும் குவாங்ஜுவிலும் இருந்தார்கள். உழுதவர்கள் கல்மேக்காரர்கள். துண்டுக் காகிதம் இல்லாத வாய்ப்பேச்சுக் குத்தகை. முதல் சில வருடங்கள் வயல் வெள்ளை பூத்துக் கிடந்தது, நட்ட நாற்றெல்லாம் கருகியது. கும்சிலும் தேபோங்கும் ஏரித் தண்ணீரை நிறுத்தி வைத்து வடித்தார்கள், மறுபடி நிறுத்தினார்கள், மறுபடி வடித்தார்கள். வைக்கோலை உழுது புதைத்தார்கள். இடுப்பு ஒடிந்தது, ஆனால் மண் இளகியது. அதற்கப்புறம் அந்த வயலில் விளைந்த அரிசிக்கு மாவட்டத்திலேயே நல்ல பேர். அழுகை மட்டும் நிற்கவில்லை. பழகிய வாய் சும்மா இருக்குமா?

அவள் மட்டும் என்றில்லை, குத்தகைக்காரர்கள் எல்லோரும் அழுதார்கள். அழத் தெரியாதவர்கள் அவளிடம் வந்தார்கள். புருஷனை இழந்து தனியாக உழுதுகொண்டிருந்த சம்வோலுக்கு நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பொய் வராது. "வாண்டோக்கா, எனக்கும் சேர்த்து ஒரு அழுகை அழுதுடுக்கா" என்று வாசலில் வந்து நிற்பாள். வாண்டோ தீவிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்ததால் ஊரில் கும்சிலுக்கு அதுதான் பேர். கும்சில் சம்வோலின் குரலிலேயே சம்வோலின் நிலக்காரரிடம் அழுது கொடுப்பாள். அப்போது சம்வோல் கழுத்துத் துண்டை வாயில் அடைத்துக்கொண்டு சிரிப்பை அடக்குவாள்.

பெரியவர் பியோ குளிர்காலத்தில் இறந்துபோனார். நாற்றுத் தட்டுகளில் மண் நிரப்பிக்கொண்டிருந்த சமயத்தில் அவர் மகன் இஞ்ஜே கறுப்புக் கார் ஒன்றில் வந்து இறங்கினான். கூடவே, மின்சாரக் கம்பெனியின் பேர் போட்ட சட்டையோடு மெலிந்த ஒரு மனிதர். மேனேஜர் டோ என்று அறிமுகமானார்.

இஞ்ஜே கும்சிலின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். கைகளில் சேறு இருந்ததை அவன் பொருட்படுத்தவில்லை. "அக்கா, இந்த உப்போட இத்தன வருசம் மல்லுக்கட்டிட்டீங்க. இனிமேலும் உங்களக் கஷ்டப்படுத்த எனக்கு மனசு வரல. நெல்லு போதும். இனிமே இங்க கரண்டு வெளையட்டும்."

கும்சில் கைகளை மெல்ல விடுவித்துக்கொண்டாள். "எங்களுக்கு ஒரு கஷ்டமும் இல்லியே சின்னய்யா" என்றாள். அவள் வாயிலிருந்து அப்படி ஒரு வாக்கியம் வந்ததே இல்லை, அவளுக்கே அது யாரோ பேசுவதுபோல் கேட்டது.

"நீங்க அப்படித்தான் சொல்லுவீங்க. உங்க மனசு எனக்குத் தெரியாதா?" என்று இஞ்ஜே சிரித்தான்.

மறுநாள் ஊர்க் கூடத்தில் எல்லோரையும் கூட்டினார்கள். ஊர்த் தலைவர் கூ பொட்டலக் காபியைக் கலக்கிக் கொடுத்தார். மேனேஜர் டோ எழுந்து நின்று, ஏதோ தப்புப் பண்ணிவிட்டவர் மாதிரி குனிந்து வணங்கினார்.

"எங்கள மாதிரிக் கம்பெனிங்களுக்கு அரசாங்கம் ஒரு கட்டளை போட்டிருக்கு. நீ உண்டாக்குற கரண்டுல இத்தன பங்கு வெயில்லயோ காத்துலயோ எடுத்ததா இருக்கணும். வருசா வருசம் அந்தப் பங்கு ஏறிக்கிட்டே போகும். எட்டலேன்னா அபராதம். எங்க ஆபீசுல சுவத்துல ஒரு கோடு வரைஞ்சிருக்காங்க. அந்தக் கோட்டப் பார்த்துட்டுத்தான் எனக்கு ராத்திரி தூக்கம்."

"அபராதம் உங்களுக்கு. எங்க நெல்லு எதுக்குக் கட்டணும்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. கூடம் சிரித்தது.

டோவும் சிரித்தார். "நல்லா வெளையுற நெலத்த நாங்க தொட முடியாது. சட்டம் விடாது. உப்புப் பிடிச்ச நெலம்னு நிரூபிச்சா மட்டும் சூரியத் தகடு போடலாம். இருபது வருசத்துக்கு. இந்தப் பக்கம் பூரா உப்புன்னு நெலக்காரங்க சொன்னாங்க. வருசா வருசம் நீங்கதான் சொன்னீங்களாமே."

கூடத்தில் இருந்த அத்தனை தலைகளும் கும்சில் பக்கம் திரும்பின. அவள் காபிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த டோவை வெறுக்க முடிந்திருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும். அதற்கும் அவர் வழி விடவில்லை. "நான் பொறந்த ஊர்ல நிலக்கரி எரிக்கிற மின்நிலையம். எங்கம்மா வெள்ளத் துணி காயப்போட்டா சாம்பலோடதான் எடுப்பாங்க. இன்னிக்கும் இருமிக்கிட்டேதான் இருக்காங்க. அதனால இந்த வேலைய நான் கெட்ட வேலைன்னு நெனச்சதில்ல" என்றார். சொந்தமாக நிலம் வைத்திருந்த சிலர் வேகமாகத் தலையாட்டினார்கள். அவர்களுக்குக் கணக்கு வேறு, தகட்டுக்கு வரும் வாடகை அவர்கள் கைக்கே போகும். குத்தகைக்காரர்கள் யாரும் தலையாட்டவில்லை.

தேபோங் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் ஆரம்பித்தார்.

"எல்லாம் ஒன் வாய். கொஞ்சமா அழுதியா? ஊருக்கே குத்தகைக்கு எடுத்து அழுத."

"நான் அழுத அழுகையில மிஞ்சின அரிசிய யாரு தின்னா? பக்கத்துல உக்காந்து கறிய முழுங்கினது யாரு, பெரியவர் பியோவா?"

தேபோங் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். அவருக்கு அந்த வயலைத் தவிர வேறு வேலை தெரியாது. எந்த மூலையில் தண்ணீர் தேங்கும், எந்த மூலையில் எந்திரம் சிக்கும் என்பது அவர் கால்களுக்குத் தெரியும். அறுபதைத் தாண்டிய ஆளுக்கு யார் புதிதாக நிலம் கொடுப்பார்கள்? தகடுகளுக்கு அடியில் புல் வெட்டும் வேலை தருவோம் என்று டோ சொல்லியிருந்தார். அதைக் கேட்டபோது புருஷன் முகம் போன போக்கை கும்சில் பார்த்திருந்தாள். அந்த முகம்தான் அவளைச் சியோலுக்குக் கிளப்பியது.

கால் மூட்டை அரிசியை மடியில் வைத்துக்கொண்டு விரைவுப் பேருந்தில் போனாள். இஞ்ஜேயின் வீடு உயரமான கட்டடத்தில் மேகத்துக்குப் பக்கத்தில் இருந்தது. உள்ளே நுழைந்ததும் அவன் மனைவியிடம் சோற்றுப் பானையைக் கேட்டு வாங்கி, கையோடு கொண்டுபோன அரிசியைக் கழுவி வேகவைத்தாள். ஆவி பறக்கும் சோற்றை வெறுமையாக ஒரு கிண்ணத்தில் போட்டு அவன் முன்னால் வைத்தாள்.

"தொட்டுக்க ஒண்ணும் வேணாம் சின்னய்யா. அப்படியே சாப்பிட்டுப் பாருங்க."

அவன் சாப்பிட்டான். பாதிக் கிண்ணம் வரை பேசாமல் சாப்பிட்டான். சோறு பளபளவென்று, ஒன்றோடொன்று ஒட்டி, மென்றால் இனித்தது.

"இது உங்க வயல்ல வெளஞ்சது. உப்பு மண்ணுல இது வருமா? நான் சொன்னதெல்லாம் பொய். வருசா வருசம் பொய். உங்கப்பா நல்ல மனுசன், நம்பினாரு. செத்துப்போனவர ஏமாத்தின பாவத்த என்ன சொல்லி..." அவள் தரையில் மண்டியிட்டுத் தலையைத் தாழ்த்திவிட்டாள்.

இஞ்ஜே பதறி எழுந்தான். "அய்யோ அக்கா, எந்திரிங்க. அப்பாவுக்குத் தெரியும்."

அவள் தலையைத் தூக்கினாள்.

"எங்க எல்லாருக்கும் தெரியும். நீங்க பேச ஆரம்பிச்சா அப்பா ஒலிபெருக்கிய அழுத்திட்டு எங்களக் கூப்பிடுவாரு. 'வாங்கடா, வாண்டோக்காரி ஆரம்பிச்சுட்டா'ன்னு. நாங்க சுத்தி உக்காந்து கேப்போம். நீங்க அழுது முடிச்சதும் அப்பா சொல்லுவாரு, இவ்வளவு கஷ்டப்பட்டு அழுறா, கொஞ்சம் குறைக்கலேன்னா மரியாதையா இருக்காதுன்னு."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். காறித் துப்பியிருந்தாலும் துடைத்துக்கொண்டிருப்பாள். இத்தனை வருடம் தான் சாமர்த்தியமாக வாங்கிக்கொண்டதாக நினைத்தது எல்லாம் அவர்கள் சிரித்துக்கொண்டே போட்ட பிச்சை என்று தெரிந்தபோது அவளுக்கு உடம்பு முழுவதும் கூசியது. அந்தக் கூச்சத்தோடும் அவள் கேட்க வேண்டியதைக் கேட்டாள்.

"அப்போ தெரிஞ்சேதான் நெலத்தக் குடுக்கிறீங்களா?"

இஞ்ஜே ஜன்னல் பக்கம் பார்த்தான். "எனக்கு ரெண்டு தங்கச்சி இருக்காங்கக்கா. கம்பெனி குடுக்கிறதும் நீங்க குடுக்கிறதும் ஏணி வெச்சாலும் எட்டாது. நான் வேணாம்னு சொன்னா அதுங்க சும்மா இருக்குமா?" பிறகு கிண்ணத்தில் மிச்சமிருந்த சோற்றைப் பார்த்தான். அவனுக்கும் சங்கடமாகத்தான் இருந்திருக்க வேண்டும். "ஒண்ணு பண்ணலாம். நானும் சொல்ல வேணாம், நீங்களும் சொல்ல வேணாம். மண்ணு சொல்லட்டும். எப்படியும் மண்ணச் சோதிச்சாத்தான் அனுமதி. உப்பு இல்லேன்னு வந்துட்டா கம்பெனி திரும்பிப் பார்க்காமப் போயிடும். நான் வாயத் தொறக்க மாட்டேன். உங்க காலம் பூரா நீங்களே உழுங்க."

கும்சிலுக்குக் காதில் தேன் பாய்ந்தது. மண்ணா? அவளுடைய மண்ணா? அந்த மண்ணைக் கழுவிக் கழுவி எடுத்தவள் அவள். ஊருக்குத் திரும்பும் பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரியிடம் காரணமில்லாமல் ஆரஞ்சுப் பழம் கொடுத்தாள்.

ஊர்க் கூடத்தில் மறுபடி கூட்டம் போட்டார்கள். இந்த முறை குத்தகைக்காரர்கள் மட்டும். மண் சோதனை என்ன சொன்னாலும் கட்டுப்படுகிறோம், உப்பு என்று வந்தால் தகராறு இல்லாமல் நிலத்தை விடுகிறோம் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டால், சோதனையை உடனே நடத்துவதாக டோ சொல்லி அனுப்பியிருந்தார்.

சம்வோலுக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. "நாம எதுக்கு ஒத்துக்கணும்க்கா? பேசாம நம்ம வேலையப் பார்ப்போம். நடவு நடுவோம். தகடு கொண்டுவந்தா வரப்புல படுத்துக்குவோம். என்னா பண்ணுவாங்க?"

"படுத்தா போலீஸ் தூக்கிட்டுப் போவும். நம்ம கையில காகிதமா இருக்கு?" என்றாள் கும்சில். "எதுக்குடி படுக்கணும்? பொய் சொல்றவதான் படுத்து உருளணும். நம்ம மண்ணு சுத்தம். நான் சத்தியம் பண்றேன். உப்பு ஒரு கல்லு வந்தா என் பேர மாத்திக் கூப்பிடு."

"சத்தியமாவா?"

"உனக்காக எத்தன தடவ அழுதிருக்கேன். ஒரு தடவயாச்சும் கெடுதல் பண்ணியிருக்கேனா?"

உர மூட்டைக்கும் விதைக்கும் ஒவ்வொரு முறையும் அலைய வேண்டாம் என்று ஊரில் எல்லோருடைய கையெழுத்துக்குப் பதில் குத்தும் மர முத்திரையும் தலைவர் கூவின் மேசை இழுப்பறையில்தான் கிடக்கும். "குத்திடவா?" என்று கூ கேட்டார். "குத்துங்க" என்றார்கள். சம்வோலுடையதைக் குத்தும்போது கூ ஒரு முறை அவள் முகத்தைப் பார்த்தார். அவள் கும்சிலைப் பார்த்துத் தலையாட்டினாள்.

சோதனை நாளன்று கும்சில் கல்யாண வீட்டுக்காரி மாதிரி இருந்தாள். புதுப் பூப்போட்ட கால்சட்டை, புதுத் தொப்பி. வருபவர்களுக்கென்று வெங்காயத் தாள் அடையும் வாற்கோதுமைத் தேநீரும் கொண்டுபோய் வரப்பில் வைத்தாள். மண் ஆய்வுக்கென்று வந்தவர்கள் இரண்டு பேர். ஒருத்தி இளவயதுப் பெண், முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். கூட வந்தவர் நீளமான இரும்புக் குழலை வயல் நடுவில் ஊன்றி, கைப்பிடியைத் திருகித் திருகி இறக்கினார். டோ ஓரமாக நின்றார். குத்தகைக்காரர்கள் எல்லோரும் வரப்பில் வரிசையாக நின்றார்கள். தேபோங் முன்னால் நின்றார். பெருமையில் நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்திருந்தது.

குழலை வெளியே இழுத்தார்கள். உள்ளே மண் ஒரு நீளக் கட்டியாக வந்திருந்தது. அந்தப் பெண் அதன் மேல்பாதியைக் கத்தியால் வெட்டி வரப்பில் தள்ளினாள்.

"ஏம்மா, அத ஏம்மா தள்ளிட்டீங்க?" என்றாள் கும்சில்.

"அது வேணாம்மா. மேல்மண்ணு."

"மேல்மண்ணுலதானம்மா நெல்லு வெளையுது? வேரு அதுலதான இருக்கு?"

"ஆமாம்மா. ஆனா விதி அப்படி. முழங்கை ஆழத்துக்குக் கீழ உள்ள மண்ணத்தான் சோதிக்கச் சொல்லியிருக்கு."

"யாரு சொன்னா?"

அந்தப் பெண் டோவைப் பார்த்தாள். டோ தன் காலணியைப் பார்த்தார்.

கீழ்ப்பாதி வேறு நிறத்தில் இருந்தது. நீலம் கலந்த சாம்பல் நிறம், வழுவழுவென்று, நடுவில் ஒரு சிப்பித் துண்டு. கும்சிலுக்கு வாடை முதலில் வந்தது. அவளுக்கு அது பிறந்த ஊர் வாடை. கடல் வற்றும் நேரத்தில் வாண்டோவின் சேற்றில் கிளிஞ்சல் பொறுக்கப் போனபோது மூக்கில் ஏறிய அதே வாடை. யாரும் தடுப்பதற்கு முன் அவள் ஒரு விரல் மண்ணை எடுத்து நாக்கில் வைத்தாள்.

கரித்தது. சந்தேகத்துக்கு இடமில்லாமல் கடலாகவே கரித்தது.

அவளும் தேபோங்கும் உயிரைக் கொடுத்துக் கழுவியது மேலே ஒரு முழங்கை ஆழம்தான். அதற்குக் கீழே கடல் போகவே இல்லை. இத்தனை வருடம் அவள் அழுது சொன்ன பொய் அவள் காலடியில் உண்மையாகவே கிடந்திருக்கிறது, அவளுக்குத்தான் தெரியவில்லை.

கருவி எண்ணைக் காட்டியது. பெண் அதை உரக்கப் படிக்கவில்லை, குறித்துக்கொண்டாள். அடுத்த இடம், அதற்கடுத்த இடம் என்று குழல் இறங்கி ஏறியது. தேபோங்கின் வயல், சம்வோலின் வயல், எல்லா வயலும் ஒரே சாம்பல் நிறத்தைக் கக்கின. கும்சில் அந்தப் பெண்ணின் பின்னாலேயே ஓடினாள்.

"ஒரே ஒரு தடவ மேல்மண்ணையும் பாரும்மா. உனக்குப் புண்ணியமாப் போவும். தள்ளிப் போட்டியே, அதுல கொஞ்சம் எடுத்துப் பாரு."

அந்தப் பெண் இளகிய மனசுக்காரி. வரப்பில் கிடந்த மண்ணைக் கொஞ்சம் எடுத்துத் தண்ணீரில் கரைத்து, கருவியை வைத்தாள். கும்சிலிடம் திருப்பிக் காட்டினாள். "ரொம்ப நல்ல மண்ணும்மா. உப்பே இல்ல." பிறகு கருவியைத் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அந்த எண்ணை அவள் எங்கும் குறிக்கவில்லை, குறிப்பதற்கு இடமும் இல்லை.

அவர்கள் அடையைத் தொடாமல் வண்டியேறினார்கள். வரப்பில் நின்றவர்கள் மெதுவாகக் கலைந்தார்கள். தேபோங் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வீட்டைப் பார்க்க நடந்தார். கும்சில் கூப்பிட்டாள், அவர் திரும்பவில்லை.

டோ அவளிடம் வந்தார். "மன்னிச்சுடுங்கம்மா."

"நெல்லு வேரு எவ்வளவு ஆழம் போவும்னு அந்த விதி எழுதினவங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரிஞ்சிருக்கும்." அவர் குரல் இறங்கிவிட்டது. "ஆனா எங்களுக்கும் எங்கயாச்சும் நெலம் கெடைக்கணுமேம்மா. அந்தப் பங்க எட்டலேன்னா..."

"நிலக்கரி எரியும். உங்கம்மா இருமுவாங்க. தெரியுது தம்பி. நான் கரண்ட வேணாங்கல. என் வயலத்தான் வேணுங்கறேன்."

டோ சொல்ல வேண்டாததைச் சொன்னார். மனசாட்சி உறுத்திச் சொன்னாரோ, அவள் பார்வை தாங்காமல் சொன்னாரோ. "குத்தகைக்காரங்க ஒத்துக்காத ஊர்ல நாங்க எறங்கறதில்லம்மா. உப்பு இருந்தாலும். தகராறுன்னா மாவட்ட ஆபீசு அனுமதிய இழுத்தடிக்கும். எங்களுக்கு வருசக் கெடு இருக்கு, காத்திருக்க முடியாது. வேற ஊரு பார்த்துப் போயிடுவோம்."

"நாங்க முடியாதுன்னு சொல்லியிருந்தா?"

"போயிருப்போம்."

"இத ஏன் தம்பி அன்னிக்கே சொல்லல?"

"அது என் வேலை இல்லியேம்மா. அப்புறம் நீங்களே மண்ணு சுத்தம்னு சத்தியம் பண்ணிட்டதா தலைவர் சொன்னாரு. நானும் அத நம்பினேன். சோதனையில தோத்துப் போயிடும், வேற எடம் தேடணும்னு பெட்டிகூடக் கட்டிட்டேன்." டோ குனிந்து வணங்கினார். முதல் நாள் கூடத்தில் வணங்கியதைவிட ஆழமாக வணங்கினார். அவள் வணக்கத்தைத் திருப்பவில்லை. இந்த வருட நடவை மட்டும் நட்டுக்கொள்ளலாம், அறுவடைக்குப் பிறகுதான் ஆட்கள் வருவார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வயல் முழுவதும் குழல் போட்ட ஓட்டைகள். நாற்று தட்டுகளில் எழுந்து நின்றாயிற்று, சில நாட்களில் தண்ணீர் விட வேண்டும். ஓட்டையோடு விட்டால் தண்ணீர் நிற்காது. கும்சில் புதுக் கால்சட்டையோடு வயலில் இறங்கினாள். அந்தப் பெண் வெட்டித் தள்ளிய மேல்மண்ணைக் கையால் அள்ளி ஓட்டைக்குள் போட்டு, காலால் மிதித்து மூடினாள். ஒன்றை மூடி, அடுத்ததற்குப் போனாள்.

தலையைத் தூக்கியபோது வரப்பில் சம்வோல் நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. டோ பேசியதை அவள் கேட்டிருந்தாள், அது முகத்திலேயே தெரிந்தது. சண்டைக்கு வந்திருந்தால் கும்சில் பதில் சொல்லியிருப்பாள், அவளுக்குச் சண்டை தெரியும். சம்வோல் சண்டைக்கு வரவில்லை.

"நான் வரப்புல படுத்துக்கலாம்னு சொன்னேன்க்கா" என்றாள்.

"சொன்ன."

"நீ பொய் சொல்லிக்கிட்டிருந்த வரைக்கும் எனக்கு நெலம் இருந்துச்சுக்கா."

அவ்வளவுதான் சொன்னாள். அவளுக்கு நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பொய் வராது. அதனால்தான் அந்த வார்த்தை கும்சிலின் நெஞ்சில் அப்படி இறங்கியது. சம்வோல் திரும்பித் தன் வயல் பக்கம் நடந்தாள். அங்கேயும் ஓட்டைகள் இருந்தன.

கும்சிலுக்கு அழுதுவிட்டால் தேவலை போலிருந்தது. ஊரில் எல்லோருக்கும் அழுது கொடுத்த அவளுக்கு, தனக்கென்று ஒரு சொட்டு வரவில்லை. தன் வயலின் மிச்ச ஓட்டைகளை அப்படியே விட்டுவிட்டு, மேல்மண்ணை இரண்டு கை நிறைய அள்ளிக்கொண்டு, வரப்பைத் தாண்டி சம்வோலின் வயலில் இறங்கினாள். சம்வோல் அவளை ஏறிட்டுப் பார்க்கவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.